மலையேறும் வரிப்பணம்

உரைநடை உலகம்

நுழையும்முன்

கடையில் ஒரு பொருளை வாங்கும் ஒவ்வொருவரும் வரி செலுத்துகின்றனர். பள்ளி மாணவரும் அதற்கு விலக்கல்லர். அவ்வாறு செலுத்திய பணம் எங்கே சேர்கிறது? அதனைப் பகிர்ந்தளிப்பவர் யார்? எந்த அளவுகோலைக் கொண்டு பகிர்ந்தளிக்கின்றனர்? சேர்வராயன் மலைமேல் உள்ள ஒரு சிற்றூர் வரை அப்பணம் செல்லும் வழியைப் பின்தொடர்ந்து சென்று, இவ்வினாக்களுக்கு விடை காண்போம்.

மலைப்பாதையில் ஒரு வினா

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் பேருந்து அடிவாரத்தைக் கடந்ததும் மெல்ல மேலேறத் தொடங்குகிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் குளிர்காற்று முகத்தில் வந்து மோதுகிறது. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவுள்ள இப்பயணத்தில் நம் கண்கள் பள்ளத்தாக்கையும் சில்வர் ஓக் மரங்களையும் அவற்றின்மேல் படர்ந்த மிளகுக்கொடிகளையும் அவற்றின் நிழலில் செழித்த காப்பித் தோட்டங்களையும் காண்கின்றன. அன்றைய சேலம் மாவட்ட ஆட்சியர் காக்பர்ன் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் காப்பியை இங்குக் கொண்டுவந்ததை வரலாறு கூறுகிறது.

இயற்கையைக் கண்ட கண்களால் மற்றொன்றையும் காணலாம். பேருந்து செல்லும் சாலையை நெடுஞ்சாலைத் துறை பேணுகிறது. பேருந்தை அரசுப் போக்குவரத்துக் கழகம் இயக்குகிறது. வழியில் தென்படும் தொடக்கப்பள்ளி கல்வித் துறைக்கு உரியது. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி பழங்குடியினர் நலத்துறைக்கு உரியது. ஆரம்பச் சுகாதார நிலையம், நியாய விலைக் கடை, கிளை நூலகம், தெருவிளக்கு, மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி என ஒவ்வொன்றும் ஒவ்வொரு கணக்கிலிருந்து வந்தது.

ஏற்காடு நகரைக் கடந்து, பெயரிலேயே சோலையைத் தாங்கி நிற்கும் தலைச்சோலைக்குச் சென்றாலும் இவற்றுள் சில அங்கும் இருக்கின்றன. அங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடி மக்கள். சிறு நிலங்களில் பயிரிட்டும் தோட்டங்களில் கூலிவேலை செய்தும் வாழ்பவர்கள். அவர்கள் செலுத்தும் வீட்டுவரியை மட்டும் கொண்டு ஒரு கிலோமீட்டர் மலைச்சாலையைக்கூட அமைக்க இயலாது. எனினும், அங்கே சாலை சென்றிருக்கிறது. அச்சாலைக்கான பணம் எங்கிருந்து மலையேறியது என்பதே நம் வினா.

வகுத்தல் என்னும் கடமை

அரசின் பொருளியல் கடமைகளைத் திருவள்ளுவர் இறைமாட்சி அதிகாரத்தில் நான்காகக் கூறுகிறார். பொருள் வரும் வழிகளை உண்டாக்குவது முதலாவது. வந்ததைச் சேர்ப்பது இரண்டாவது. சேர்த்ததைக் காப்பது மூன்றாவது. காத்ததை உரிய முறையில் பகிர்ந்தளிப்பது நான்காவது. இந்நான்காவது கடமைக்கு அவர் தரும் பெயர் ‘வகுத்தல்’. முதல் மூன்றையும் திறம்படச் செய்த அரசு நான்காவதில் தவறினால், முன் செய்தவை அனைத்தும் பயனற்றுப் போகும். இன்றைய மக்களாட்சியில் இவ்வகுத்தல் ஓர் அரசரின் விருப்பத்தைச் சார்ந்ததன்று. அரசமைப்புச் சட்டம், சட்டமன்றம், நிதி ஆணையங்கள், தணிக்கை அமைப்பு ஆகியவற்றின் வழியாக அது நடைபெறுகிறது.

மூன்று கருவூலங்கள்

மாநில அரசு பெறும் வரி எந்தத் துறைக்கும் நேரடியாகச் செல்வதில்லை. ஆயத்தீர்வையைத் தண்டும் துறை அதனைத் தானே செலவிடவும் இயலாது. வாகன வரியைப் பெறும் துறை அதனைக் கொண்டு தானே சாலை போடவும் இயலாது. இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 266ஆம் பிரிவின்படி, வரிகள், அரசு பெறும் கடன்கள், கொடுத்த கடனிலிருந்து திரும்பிவரும் தொகைகள் ஆகிய அனைத்தும் மாநிலத்தின் தொகுப்பு நிதியத்தில் சேர்கின்றன. அதனை ஒரு பேரேரியாகக் கருதலாம். பல ஓடைகள் அதில் வந்து சேரும். மதகுகள் வழியே மட்டுமே நீர் வெளியேறும். அம்மதகுகளைத் திறக்கும் அதிகாரம் சட்டமன்றத்துக்கு மட்டுமே உண்டு.

தொகுப்பு நிதியத்தைத் தவிர மேலும் இரண்டு உள்ளன. புயல், வெள்ளம் போன்ற எதிர்பாராத தேவைகளின்போது, சட்டமன்றத்தின் ஒப்புதலைப் பெறும்வரை காத்திராமல் செலவிட உதவுவது எதிர்பாராச் செலவு நிதியம். 267ஆம் பிரிவு இதற்கு வழிவகுக்கிறது. இதிலிருந்து எடுத்த தொகையைப் பின்னர்ச் சட்டமன்றத்தின் ஒப்புதலுடன் ஈடுசெய்ய வேண்டும். மூன்றாவது, பொதுக் கணக்கு. அரசு ஊழியரின் வருங்கால வைப்பு நிதி போல, அரசிடம் பிறர் நம்பி ஒப்படைத்த பணம் இதில் இருக்கும். இது அரசின் கையில் இருந்தாலும் அரசுக்குச் சொந்தமானதன்று.

ஒவ்வோர் ஆண்டும் நிதியமைச்சர் நிதிநிலை அறிக்கையைச் சட்டமன்றத்தில் அளிக்கிறார். அதன்பின் துறைதோறும் மானியக் கோரிக்கைகள் விவாதிக்கப்பட்டு வாக்கெடுப்புக்கு விடப்படுகின்றன. இறுதியில் நிதி ஒதுக்கச் சட்டம் நிறைவேறுகிறது. அச்சட்டம் இல்லாமல் தொகுப்பு நிதியத்திலிருந்து ஒரு ரூபாயும் வெளியேறாது. செலவு முடிந்தபின், இந்தியக் கணக்கு மற்றும் தணிக்கைத் துறைத் தலைவர் கணக்கை ஆராய்ந்து அறிக்கை தருகிறார். அவ்வறிக்கையைச் சட்டமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு ஆய்வு செய்கிறது.

ஏரி பெரியதாயினும், அதன் நீர் முழுவதையும் விரும்பியபடி பாய்ச்ச இயலாது. ஊழியர் ஊதியம், ஓய்வூதியம், பெற்ற கடனுக்கான வட்டி ஆகிய மூன்று மட்டுமே தமிழ்நாட்டு அரசின் வருவாயில் பாதிக்கும் மேற்பட்ட பகுதியை எடுத்துக்கொள்கின்றன. இவற்றுள் கடனுக்கான வட்டி சட்டமன்றத்தின் வாக்கெடுப்புக்கே விடப்படுவதில்லை. அது கட்டாயம் செலுத்தப்பட வேண்டியது. ஆகவே புதிய சாலை, புதிய பள்ளி, புதிய குடிநீர்த் திட்டம் ஆகியவை எஞ்சிய நீருக்காகப் போட்டியிடுகின்றன.

நூறு ரூபாயின் பயணம்

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இதனை விளங்கிக்கொள்வோம். மே மாதக் கோடை விழாவைக் காண வந்த ஒரு குடும்பம் ஏற்காட்டு விடுதி ஒன்றில் தங்குகிறது. அக்குடும்பம் பெங்களூரிலிருந்து வந்ததாகவே கொள்வோம். விடுதிக் கட்டணத்துடன் சரக்கு மற்றும் சேவை வரியாக மொத்தம் 100 ரூபாயை அது செலுத்துகிறது. 2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள இவ்வரி, சேவை நுகரப்படும் இடத்துக்கு உரியது. விடுதி தமிழ்நாட்டில் இருப்பதால், விருந்தினர் எவ்விடத்தவராயினும் வரி இங்கேயே கணக்கில் சேரும். அதில் 50 ரூபாய் ஒன்றிய அரசுக்கும் 50 ரூபாய் மாநில அரசுக்கும் செல்கின்றன.

ஒன்றிய அரசுக்குச் சென்ற 50 ரூபாயைத் தொடர்வோம். ஒன்றிய வரிகளில் மாநிலங்களுக்கு உரிய பங்கை, 280ஆம் பிரிவின்கீழ் அமைக்கப்படும் நிதி ஆணையம் பரிந்துரைக்கிறது. 15ஆம் நிதி ஆணையம் 2021–26 ஆண்டுகளுக்கு அப்பங்கை 41 விழுக்காடாக வரையறுத்தது. தண்டல் செலவைக் கருதாமல் கணக்கிட்டால், 50 ரூபாயில் 20 ரூபாய் 50 காசு எல்லா மாநிலங்களுக்குமாகச் சேர்த்துப் பிரிக்கப்படும். அவ்வாணையத்தின்படி அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 84 காசு.

இனி, மாநில அரசிடம் உள்ள 50 ரூபாயைத் தொடர்வோம். இது மாநிலத்தின் சொந்த வரி வருவாய். மதிப்புக் கூட்டு வரி, முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், மோட்டார் வாகன வரி, ஆயத்தீர்வை ஆகியவையும் இவ்வகையைச் சார்ந்தவை. நிகர சொந்த வரி வருவாயில் 10 விழுக்காடு உள்ளாட்சி அமைப்புகளுக்கு அளிக்கப்படுகிறது. ஆகவே 50 ரூபாயில் 5 ரூபாய் தமிழ்நாட்டின் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி ஆகிய அனைத்துக்குமாகப் பிரிக்கப்படுகிறது. எஞ்சிய 45 ரூபாய் மாநில அரசின் துறைகளுக்கும் வாரியங்களுக்கும் திட்டங்களுக்கும் கடன் வட்டிக்கும் உரியது.

ஊர்களுக்கு உரிய பங்கு

அந்த 5 ரூபாய் அரசின் கொடையன்று, அது உரிமை. 73ஆம் அரசமைப்புச் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாநில நிதி ஆணையம் அமைக்கப்பட வேண்டும் என அது விதித்தது. அதன்படி தமிழ்நாட்டில் முதல் ஆணையம் 1994இல் அமைக்கப்பட்டது. தொடக்கத்தில் 8 விழுக்காடாக இருந்த உள்ளாட்சிப் பங்கு, பின்வந்த ஆணையங்களின் பரிந்துரைகளால் 10 விழுக்காடாக உயர்ந்தது.

இப்பங்கு முதலில் நகர்ப்புறம், ஊரகம் என இரண்டாகப் பிரிகிறது. ஊரகப் பங்கு மீண்டும் சிற்றூராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி என மூன்றாகப் பிரிகிறது. பல ஆண்டுகள் பின்பற்றப்பட்ட விகிதப்படி, நூறு ரூபாயில் 60 ரூபாய் சிற்றூராட்சிகளுக்கும் 32 ரூபாய் ஒன்றியங்களுக்கும் 8 ரூபாய் மாவட்ட ஊராட்சிகளுக்கும் சென்றன. ஆணையந்தோறும் இவ்விகிதம் மாறக்கூடும். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500 சிற்றூராட்சிகளும் 388 ஊராட்சி ஒன்றியங்களும் இப்பங்கை எதிர்நோக்கி நின்றவை. அவற்றுள் ஏற்காடும் ஓர் ஒன்றியம். ஊராட்சி ஒன்றியத்துக்கு வரி விதிக்கும் அதிகாரம் இல்லை; ஆகவே மேலிருந்து வரும் நிதியே அதன் உயிர்நாடி.

சிற்றூராட்சிக்கு வீட்டுவரி, தொழில்வரி, குடிநீர்க் கட்டணம், உரிமக் கட்டணம் போன்ற சொந்த வருவாய்கள் உண்டு. நிலமும் வீடும் கைமாறும்போது முத்திரைத் தீர்வையுடன் பெறப்படும் கூடுதல் தீர்வையிலும் உள்ளாட்சிகளுக்குப் பங்கு உண்டு. இவற்றுடன் ஒன்றிய நிதி ஆணையத்தின் மானியமும் வருகிறது. 15ஆம் நிதி ஆணையம் அம்மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என வரையறுத்தது. எஞ்சிய 40 விழுக்காட்டை ஊராட்சி தன் தேவைக்கேற்பப் பயன்படுத்தலாம் என்றும் ஊதியத்துக்குப் பயன்படுத்தலாகாது என்றும் அது கூறியது.

பெயர் எழுதப்பட்ட பணம்

தொகுப்பு நிதியம் என்னும் ஏரியில் கலந்த நீருக்கு அடையாளம் இல்லை. ஆனால், சில தீர்வைகள் தாம் சேர வேண்டிய இடத்தின் பெயரை எழுதிக்கொண்டே வருகின்றன. அவற்றுள் தமிழர் பெருமைகொள்ளத்தக்கது நூலக வரி. நூலக அறிவியலின் தந்தையாகிய சீர்காழி இரா. அரங்கநாதனின் முயற்சியால் 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் பொது நூலகச் சட்டம் இதுவே. இச்சட்டத்தின்படி வீட்டுவரி, சொத்துவரி ஆகியவற்றின்மேல் நூலக வரி தண்டப்படுகிறது. இன்று அது ரூபாய்க்கு 10 காசு. ஒருவர் 200 ரூபாய் வீட்டுவரி செலுத்தினால், அதனுடன் 20 ரூபாய் நூலக வரியும் செலுத்துகிறார். ஊராட்சி அதனைத் தண்டினாலும், அது மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கே உரியது. கல்விக்கெனப் பிரித்து வைத்த அப்பணத்தில்தான் நம் ஊர்களின் கிளை நூலகங்கள் இயங்குகின்றன.

கனிமத்துக்கும் இத்தகைய ஏற்பாடு உண்டு. சேலம் மாவட்டம் மேக்னசைட், பாக்சைட் போன்ற கனிமங்களுக்குப் பெயர்பெற்றது. 2015ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, சுரங்கக் குத்தகை பெற்றோர் அரசுக்குச் செலுத்தும் உரிமத்தொகையுடன், அதில் குறிப்பிட்ட ஒரு பகுதிக்கு இணையான தொகையை மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கும் செலுத்த வேண்டும். பழைய குத்தகைகளுக்கு அது 30 விழுக்காடு. ஏலத்தில் பெற்ற புதிய குத்தகைகளுக்கு 10 விழுக்காடு. சுரங்கத்தால் பாதிப்புற்ற ஊர்களின் குடிநீர், மருத்துவம், கல்வி ஆகியவற்றுக்கு அந்நிதி பயன்பட வேண்டும்.

பழங்குடியினர் நலனுக்கும் தனி ஒதுக்கீடு உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் 275ஆம் பிரிவு இதற்கென ஒன்றிய மானியத்துக்கு வழிசெய்கிறது. தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த பழங்குடியினர் மேம்பாட்டுத் திட்டம் செயல்படும் மலைப்பகுதிகளுள் ஏற்காடும் ஒன்று. மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப நிதி ஒதுக்குவதை உறுதிசெய்யும் வகையில், ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கெனத் தமிழ்நாடு 2024இல் தனிச் சட்டம் இயற்றியது.

பெயர் எழுதப்பட்ட பணத்துக்கு நன்மையும் உண்டு, குறையும் உண்டு. நூலகத்துக்கு உரியதை வேறெவரும் எடுத்துக்கொள்ள இயலாது என்பது நன்மை. தேவை வேறிடத்தில் இருக்கும்போது அங்குத் திருப்பிவிட இயலாது என்பது குறை. ஒன்றிய அரசு விதிக்கும் தீர்வைகளில் மற்றொரு சிக்கலும் எழுகிறது. 270ஆம் பிரிவின்படி, ஒன்றியத்தின் சிறப்புத் தீர்வைகளும் மிகைவரிகளும் மாநிலங்களுடன் பகிரும் தொகுப்பில் சேர்வதில்லை. ஆகவே வரிக்கு மாற்றாகத் தீர்வை உயர்ந்தால், மக்கள் செலுத்துவது குறையாது. மாநிலங்களின் பங்கு மட்டும் குறையும்.

> தெரியுமா?
>
> காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஊராட்சி நடைபெற்ற முறையை விளக்குகின்றன. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் எனப் பணிகள் பிரிக்கப்பட்டிருந்தன. வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் குடவோலைக்குத் தகுதி பெறார் என அக்கல்வெட்டு விதிக்கிறது.

தலைகளை எண்ணினால் போதுமா?

பணம் செல்லும் வழியை அறிந்தோம். இனி, அதனைப் பகிரும் அளவுகோலைக் காண்போம். மக்கள்தொகையே எளிய அளவுகோல். நூறு பேர் உள்ள ஊருக்கு ஒரு பங்கு எனில், ஆயிரம் பேர் உள்ள ஊருக்குப் பத்துப் பங்கு. கேட்பதற்கு இது நேர்மையானதாகவே தோன்றுகிறது.

ஆனால், மலையில் இக்கணக்கு பொய்த்துவிடுகிறது. சமவெளியில் ஆயிரம் பேர் ஒரே ஊரில் நெருங்கி வாழ்வர். ஒரு நீர்த்தேக்கத் தொட்டி போதும். சேர்வராயன் மலையில் அதே ஆயிரம் பேர் சரிவுகளில் சிதறிய பல குக்கிராமங்களில் வாழ்வர். ஒவ்வொன்றுக்கும் தனிக் குழாய், தனிச் சாலை, தனி விளக்கு வேண்டும். பாறையை உடைத்துப் பாதை போட வேண்டும். மழைக்காலத்து மண்சரிவுக்குப்பின் மீண்டும் சீரமைக்க வேண்டும். சிமெண்டும் மணலும் சமவெளியிலிருந்தே மேலேற வேண்டும்.

மேலும், கணக்கெடுப்பில் குடியிருப்போர் மட்டுமே எண்ணப்படுகின்றனர். கோடையில் வந்து குவியும் விருந்தினர் அதில் இல்லை. அவர்கள் அருந்தும் நீர் மலையின் நீர். அவர்கள் விட்டுச்செல்லும் குப்பை மலையின் குப்பை. அவர்கள் செலுத்தும் வரியோ நாம் முன்னர்க் கண்டவாறு சென்னைக்கும் புதுதில்லிக்கும் செல்கிறது. குப்பையை அகற்ற வேண்டிய ஊராட்சி, தன் சிறிய பங்குடன் நிற்கிறது. ஒவ்வோர் ஊராட்சிக்கும் அதன் மக்கள்தொகை எவ்வளவாயினும் ஒரு குறைந்தபட்சத் தொகை அளிக்கும் முறையை மாநில நிதி ஆணையங்கள் பின்பற்றியது இக்குறையை ஓரளவு ஈடுசெய்யவே.

ஒரே முறையீடு, இரண்டு படிகள்

‘தலைகளை மட்டும் எண்ணாதீர், எங்கள் நிலையையும் பாருங்கள்’ என்று மலையூர் மாநிலத்திடம் கேட்கிறது. வியப்பு யாதெனில், தமிழ்நாடு ஒன்றியத்திடம் கேட்பதும் இதனையே. ஒன்றிய வரித்தொகுப்பில் தமிழ்நாட்டின் பங்கு 10ஆம் நிதி ஆணையத்தின்படி 6.637 விழுக்காடாக இருந்தது. 11ஆம் ஆணையத்தில் 5.385 ஆனது, 13ஆம் ஆணையத்தில் 4.969 ஆனது, 14ஆம் ஆணையத்தில் 4.023 ஆகக் குறைந்தது. 15ஆம் ஆணையத்தில் 4.079 ஆகச் சற்றே உயர்ந்தது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் ஏறத்தாழ 6 விழுக்காட்டினர் தமிழ்நாட்டில் வாழ்கின்றனர்.

இதற்குக் காரணம் ஆணையங்கள் கைக்கொண்ட அளவுகோல்களே. 15ஆம் ஆணையம் தலா வருமான இடைவெளிக்கு 45 விழுக்காடும், மக்கள்தொகைக்கு 15 விழுக்காடும், பரப்பளவுக்கு 15 விழுக்காடும், மக்கள்தொகைக் கட்டுப்பாட்டில் காட்டிய சாதனைக்கு 12.5 விழுக்காடும், காடு மற்றும் சூழலுக்கு 10 விழுக்காடும், வரி முயற்சிக்கு 2.5 விழுக்காடும் மதிப்பு அளித்தது. வருமானம் குறைந்த மாநிலத்துக்கு மிகுதியாகக் கிடைக்கும்; முன்னேறிய மாநிலத்துக்குக் குறைவாகக் கிடைக்கும். குடும்பநலத்தைப் பேணி, கல்வியை வளர்த்து, தொழிலைப் பெருக்கியதற்குத் தண்டனையா என்று தமிழ்நாடு வினவுகிறது. அவ்வினாவில் நியாயம் உண்டு. முயற்சிக்குப் பரிசு கிடைக்காவிடில், முயல்வோர் சோர்வர்.

எனினும், இவ்வாதத்தின் எல்லையையும் நாம் உணர வேண்டும். ‘வரி தண்டிய இடத்துக்கே வரி திரும்ப வேண்டும்’ என்பதை முழுமையான விதியாகக் கொண்டால், சென்னையும் கோயம்புத்தூரும் தத்தம் வரியைத் தாமே வைத்துக்கொள்ளும். தலைச்சோலைக்குச் சாலை வாராது. இருப்போரிடமிருந்து பெற்று இல்லாத இடத்துக்கு அளிப்பதே வகுத்தலின் அடிப்படை. நமக்குள் அதனை அறம் என ஏற்றுக்கொண்டு, மாநிலங்களுக்கிடையே மட்டும் அநீதி என மறுப்பது முறையாகாது. ஆகவே, ‘பிரித்துத் தரலாமா’ என்று கேட்பதைவிட ‘எவ்வளவு, எந்த அளவுகோலால், யாரைக் கலந்து’ என்று கேட்பதே பொருத்தமானது. ஏழை மாநிலத்தின் தேவையும் முன்னேறிய மாநிலத்தின் முயற்சியும் ஒரே தராசில் நிறுக்கப்பட வேண்டும்.

அதே தராசை மாநிலமும் தன் கையில் ஏந்த வேண்டும். காட்டைக் காத்ததற்காக 10 விழுக்காட்டு மதிப்பில் தமிழ்நாடு ஒரு பங்கைப் பெறுகிறது. சேர்வராயன் மலையின் அடர்காடும் அக்கணக்கில் சேர்ந்ததே. அக்காட்டின் ஓரத்தில் வாழும் ஊருக்கு, காட்டின் பொருட்டு ஏதேனும் தனிப்பங்கு திரும்பி வர வேண்டுமன்றோ? மேலே உரக்கக் கேட்கும் நியாயத்தைக் கீழே செவிசாய்த்து வழங்குவதே நல்லரசுக்கு அழகு.

கணக்கைக் கேட்கும் அவை

பணம் மலையேறி வந்துவிட்டால் மட்டும் போதாது. அது சரியாகச் செலவாயிற்றா என்று பார்ப்பவரும் வேண்டும். தணிக்கை அதிகாரி ஆண்டுக்கு ஒருமுறை வருவார். ஊர்மக்களோ நாள்தோறும் அங்கே இருப்பவர்கள். அவர்களுக்குச் சட்டம் அளித்த அவை கிராம சபை. தமிழ்நாட்டில் குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்த நாள் ஆகிய நான்கு நாள்களுடன், உலகத் தண்ணீர் நாளாகிய மார்ச் 22, உள்ளாட்சி நாளாகிய நவம்பர் 1 ஆகிய நாள்களிலும் அது கூட வேண்டும். ஊராட்சியின் வரவு செலவு அங்கே படிக்கப்பட வேண்டும். வாக்காளர் ஒவ்வொருவரும் அதன் உறுப்பினரே.

படிக்கப்படும் கணக்கில் பல தொகைகள் வரும். மாநில நிதி ஆணைய மானியம் எவ்வளவு, ஒன்றிய நிதி ஆணைய மானியம் எவ்வளவு, வீட்டுவரி எவ்வளவு, அதில் நிலுவை எவ்வளவு என்று பிரித்துக் கேட்கத் தெரிந்தவர் அவையில் இருந்தால், கணக்கைப் படிப்பவரும் கவனத்துடன் படிப்பார். ‘குடிநீருக்கென வந்த தொகை குடிநீருக்கே செலவாயிற்றா?’ என்னும் ஒரு வினா, பல விண்ணப்பங்களைவிட வலிமை உடையது. வினா எழுப்புவோர் தம் வீட்டுவரியையும் உரிய காலத்தில் செலுத்தியவராக இருத்தல் வேண்டும். உரிமையும் கடமையும் ஒரே பற்றுச்சீட்டின் இரண்டு பக்கங்கள்.

இன்னும் ஓரிரண்டு ஆண்டுகளில் நீங்கள் வாக்காளர் ஆவீர்கள்; கிராம சபையின் உறுப்பினரும் ஆவீர்கள். அடுத்த முறை மலைப்பேருந்தில் செல்லும்போது ஒவ்வொரு வளைவிலும் ஒரு கணக்கு ஏடு திறந்திருப்பதை உங்கள் கண்கள் காணட்டும். வள்ளுவர் சொன்ன வகுத்தல் அரசின் கடமை. வகுத்தது வந்து சேர்ந்ததா என்று பார்ப்பது நம் கடமை.

---

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டு வரிப் பற்றுச்சீட்டைப் பார்த்து, அதில் நூலக வரியாகச் செலுத்திய தொகையைக் கண்டறிந்து வகுப்பில் கூறுக.
2. உங்கள் ஊரில் உள்ள ஐந்து பொதுப் பயன்பாடுகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் எந்தத் துறை அல்லது அமைப்பின் பொறுப்பில் உள்ளது என எழுதுக.
3. ‘நிதியைப் பகிர மக்கள்தொகையே சிறந்த அளவுகோல்’ என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நடத்துக.
4. கிராம சபைக் கூட்டம் அல்லது பகுதி சபைக் கூட்டம் ஒன்றைப் பார்வையிட்டு, அங்குப் படிக்கப்பட்ட வரவு செலவு குறித்துக் குறிப்பு எழுதுக.

திறன் அறிவோம்

பலவுள் தெரிக

1. தொகுப்பு நிதியத்திலிருந்து பணத்தைச் செலவிட ஒப்புதல் அளிப்பது
 அ) நிதி ஆணையம் ஆ) சட்டமன்றம் இ) தணிக்கைத் துறை ஈ) மாவட்ட ஊராட்சி

2. நூலக வரி சென்று சேரும் இடம்
 அ) சிற்றூராட்சி ஆ) ஊராட்சி ஒன்றியம் இ) மாவட்ட நூலக ஆணைக்குழு ஈ) கனிம அறக்கட்டளை

3. பொருந்தாததைத் தேர்ந்தெடுக்க.
 அ) வீட்டுவரி – சிற்றூராட்சி ஆ) 280ஆம் பிரிவு – நிதி ஆணையம் இ) 267ஆம் பிரிவு – எதிர்பாராச் செலவு நிதியம் ஈ) தொழில்வரி – ஊராட்சி ஒன்றியம்

குறுவினா

1. பொதுக் கணக்கில் உள்ள பணம் அரசுக்குச் சொந்தமானதன்று எனக் கூறக் காரணம் யாது?
2. சிறப்புத் தீர்வை உயர்வதால் மாநிலங்களுக்கு நேரும் இழப்பு யாது?

சிறுவினா

1. ஏற்காட்டு விடுதியில் செலுத்தப்பட்ட 100 ரூபாய் வரி பிரியும் முறையை விளக்குக.
2. மலையூர்களுக்கு மக்கள்தொகை அளவுகோல் பொருந்தாமைக்கான காரணங்களை எழுதுக.

நெடுவினா

மலையூர் மாநிலத்திடம் வைக்கும் முறையீட்டையும் மாநிலம் ஒன்றியத்திடம் வைக்கும் முறையீட்டையும் ஒப்பிட்டு, வகுத்தலுக்கு உரிய நேர்மையான அளவுகோல் எதுவாக இருக்க வேண்டும் என்பது குறித்து உம் கருத்தைக் கட்டுரையாக்குக.